மூமின் வீட்டைச் சுவரில் ஒட்ட முதல்

சிறுவர் புத்தகங்களைப் பார்த்து வீட்டை அலங்கரிக்கிறது இப்ப ஒரு மோகம். மார்கரெட் வைஸ் பிரவுனின் 'குட்நைட் மூன்' (1947) அறையிலிருந்து பச்சைச் சுவரையும் சிவப்பு பலூனையும் எடுக்கிறார்கள். அதே அறையில் சீப்பும் கஞ்சிக் கோப்பையும் கிடக்குது, எலியும் திரியுது. அதுகள் ஒருத்தருக்கும் வேண்டாம்!

எங்களுக்கு உண்மையில் எரியிறது மூமின் விஷயத்தில்தான். பின்லாந்து எழுத்தாளர் தோவே யான்சனின் மூமின்கள் கோப்பை, திரைச்சீலை, சுவர்த்தாள் எண்டு எல்லாத்திலயும் வந்திட்டினம். போர்க்காலத்தில் எழுதத் தொடங்கி 1945இல் வெளிவந்த முதல் கதையில் அவைக்கு வீடே இல்லை. மாரிக்கு முதல் ஒதுங்க ஓரிடமும், காணாமற்போன தகப்பனையும் தேடித் தாயும் பிள்ளையும் அலையினம். தகப்பன் கட்டின வீட்டை வெள்ளம் அடிச்சுக்கொண்டுபோய் ஒரு பள்ளத்தாக்கில் விடுது. அந்த வீடு, குளிருக்கு எரிக்கிற ஓடு பதித்த உயரமான அடுப்பு மாதிரி இருக்கும். சும்மா வடிவுக்கில்லை. மூமின்களின் முன்னோர் மனிசரின் வீடுகளில் அப்படியான அடுப்புகளுக்குப் பின்னால் குடியிருந்தவை.

காணாமற்போன தகப்பன், வெள்ளத்தோட போன வீடு. இதை எங்கட ஆக்களுக்கு விளக்கவேண்டிய தேவையில்லை. அப்படியிருந்தும் நாங்களும் அதை ஒரு வடிவான நீலக் கோபுரமாகத்தான் வாங்குறம்.

ஒட்டவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. ஒட்டுங்கோ. "இந்த வீடு ஏன் இப்பிடி இருக்கு?" எண்டு பிள்ளை கேட்டால் மட்டும், சுவர்த்தாளின் விலையைச் சொல்லாதேங்கோ.