போளூரில் யார் இருக்கிறார்கள்?

"டீசல் கார்னா செலவு கம்மி" என்று சொல்லித்தான் என் கணவர் கடன் போட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். டீசல் அடிமாட்டு விலைக்கு விற்ற காலத்து நினைப்பு அது. 2014 அக்டோபரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அந்தப் பழைய வித்தியாசம் எங்கே இருக்கிறது?

எங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி. புகைக் கரியைப் பிடித்து வைக்க அதில் ஒரு ஃபில்டர் உண்டு. நிற்காமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகுமாம். நாங்கள் போவதோ பள்ளிக்கூடம், மார்க்கெட், மாட வீதி. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் அதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "அது அப்படித்தான் எரியும்" என்றார். ஃபில்டர் அடைத்துக்கொண்டு வண்டி படுத்த பிறகு என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

இப்போது மெக்கானிக் சொன்னபடி, வாரம் ஒருமுறை வேலூர் ரோட்டில் போளூர் வரை சும்மா போய் வருகிறோம். கரியை எரிக்க டீசலை எரிக்கிறோம்! "போளூர்ல யாரு இருக்காங்க?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

லோடு ஏற்றும் குட்டி யானைக்கும், தினமும் வெளியூர் ஓடும் வண்டிக்கும் டீசல் சரிதான். மாருதியே 2020-ல் டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டது. சகோதரிகளே, வாங்குமுன் "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டி விஷயம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்கன்னு நான் வாயே திறக்கவில்லை. கடன் பத்திரத்தில் மட்டும் என் கையெழுத்தும் இருக்கிறது.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை