ஸூயஸும் ஹங்கேரியும்

தேர்தல் நெருங்கினால் எத்தேசத்துத் தலைவருக்கும் வாய் அடைத்துவிடும் என்று நம்பிக் காரியத்தில் இறங்கும் ராஜதந்திரிகள் உண்டு. 1956-ஆம் வருஷம் அந்நம்பிக்கை பட்ட பாட்டை நேயர்கள் அறிவது நலம்.

அவ்வருஷம் ஜூலையில் நாஸர் ஸூயஸ் கால்வாய்க் கம்பெனியைத் தேசவுடைமையாக்கினார். அக்டோபர் 29-ந் தேதி இஸ்ரேல் எகிப்தின்மீது படையெடுத்தது. சண்டையை விலக்க வந்த மத்தியஸ்தர் வேஷத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் குண்டு வீசின. மூவரும் முன்கூட்டியே ரகசிய உடன்படிக்கை செய்திருந்தது பிற்பாடு அம்பலமாயிற்று. நவம்பர் 6-ந் தேதி அமெரிக்காவில் தேர்தல். வோட்டுக்கு நிற்கும் ஐஸன்ஹோவர் இஸ்ரேலையும் பழைய நேசர்களையும் பகைக்கத் துணியார் என்பது இவர்கள் போட்ட கணக்கு. அவரோ துணிந்தார். தேர்தலுக்கு நான்கு நாள் முன்னர், யுத்தத்தை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபையில் அமெரிக்காவே கொணர்ந்தது. ஆதரவு 64, எதிர்ப்பு 5. பிரிட்டிஷ் பவுன் ஆட்டங்கண்டபோது கைகொடுக்கவும் மறுத்தது. தேர்தல் தினத்தன்றே ஈடன் போரை நிறுத்த நேர்ந்தது. ஐஸன்ஹோவருக்கு 48 ராஜ்யங்களில் 41 கிடைத்தன!

ஆசியா அன்று அமெரிக்காவை மெச்சிற்று. ஆனால் அதே வாரத்தில் ருஷிய டாங்கிகள் புடாபெஸ்ட் நகரில் புகுந்தன. கால்வாயைப்பற்றிய கூக்குரலில் ஹங்கேரியரின் ஓலம் அமுங்கிற்று.

இதில் நம் தேசம் குற்றமற்றதென்று சொல்லோம். எகிப்துக்காக உடனே குரலெழுப்பிய நேருவின் சர்க்கார், ருஷியப் படை விலக வேண்டுமென்ற தீர்மானத்தில் நடுநிலை வகித்தது. ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் சுதந்திரத் தேர்தல் கோரிய நவம்பர் 9-ந் தேதித் தீர்மானத்தையோ எதிர்த்தே வோட்டளித்தது. சில மாதங்களில் தன் ஜனங்களிடமே வோட்டுக் கேட்கவிருந்த சர்க்கார் அது. ஜயப்பிரகாச நாராயணர் முதலிய நம்மவரே அதன் போக்கைக் கண்டித்தனர்.