வீட்டு முட்டையை விற்கலாமா? முதலில் கேட்க வேண்டியது கோழிக்கூட்டைப் பற்றி

கோழி முட்டைக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தன. அதற்கு முன் மே மாதமே ஒரு முட்டைக்கான மானியம் 10 சென்னிலிருந்து 5 சென்னாகக் குறைக்கப்பட்டிருந்தது. இனி முட்டை விலையைச் சந்தைதான் தீர்மானிக்கும். "வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்த்து, மிஞ்சும் முட்டையை விற்றால் என்ன?" என்ற எண்ணம் நம்மவர்களுக்கு வருவது இயல்புதான். தோட்டத்து லயங்களில் கோழிக்கூடு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது.

விற்பதற்கு என்ன சட்டம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். உண்மையில் சிக்கல் விற்பனையில் குறைவு, வளர்ப்பில்தான் அதிகம்.

விலையில் தொடங்குவோம். கட்டுப்பாடு இருந்த காலத்திலும் அது ஏ, பி, சி ரக முட்டைகளுக்கு மட்டுமே. 2024 ஜூன் மாதம் நிர்ணயித்த உச்சவரம்பு முறையே 42, 40, 38 சென். ஏ ரகம் என்றால் முட்டை 65 கிராமாவது இருக்க வேண்டும். சி ரகத்துக்குக் குறைந்தது 55 கிராம். நாட்டுக்கோழி முட்டை பெரும்பாலும் அந்த எடையைத் தொடாது. கம்பத்து முட்டைக்கு அன்றும் விலைக் கட்டுப்பாடு இல்லை, இன்றும் இல்லை.

வளர்ப்புக்கு வருவோம். நிலமும் விவசாயமும் மாநில அரசின் கையில் உள்ளவை. கால்நடை வளர்ப்பு மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் வருகிறது. அன்றாடம் நம் வீட்டுக் கதவைத் தட்டுவதோ ஊராட்சி மன்றம். அதனால் கிள்ளானில் இருக்கும் உறவினர் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் கூடு கட்ட முடியாது. எத்தனை கோழி வரை அனுமதி, உரிமம் வேண்டுமா, வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கூடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த மன்றத்தின் துணைச் சட்டங்களைப் பொறுத்தது.

1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி, துணைச் சட்டத்தை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 வெள்ளி வரை கூடுதல். இவை உச்ச வரம்புகள். எல்லோருக்கும் இவ்வளவு விதிப்பார்கள் என்று பொருளல்ல.

இதை முட்டை வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். முட்டையிடும் ரகக் கோழிகள் பத்து வைத்திருக்கிறீர்கள், நாளுக்கு ஏழு முட்டை கிடைக்கிறது. முட்டை 60 சென் என்று விற்றால் மாதம் 126 வெள்ளி. ஒரு கோழி நாளுக்கு ஏறக்குறைய 115 கிராம் தீவனம் தின்னும். மாதம் 35 கிலோ. கிலோ இரண்டு வெள்ளி என்றாலும் 70 வெள்ளி போய்விடும். மிச்சம் 56 வெள்ளி. கூடு கட்டிய செலவையும் செத்த கோழியையும் இன்னும் கழிக்கவில்லை. நாட்டுக்கோழி என்றால் இன்னும் குறைவு; அது பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும்.

ஓய்வூதியம் இல்லாத ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 56 வெள்ளி சின்னத் தொகை அல்ல. ஆனால் ஒரே ஒரு அபராதம் பல மாத உழைப்பை விழுங்கிவிடும். விதியை மன்றங்கள் எளிய மொழியில், எண்ணிக்கையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? விதி தெளிவாக இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் புகார்தான் சட்டமாகிறது என்பது என் கருத்து. அந்தப் புகாருக்குப் பெரிய காரணங்கள் நாற்றமும் சேவல் கூவலும். சேவல் இல்லாமலேயே கோழி முட்டையிடும். விற்க மட்டும் வளர்ப்பவருக்குச் சேவல் தேவையே இல்லை.

தாமான் வீட்டின் பின்சந்து உங்கள் நிலமல்ல, அங்கே கூடு வைக்காதீர்கள். தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது; வாய்வார்த்தை அடுத்த மேனேஜர் வரும்வரைதான். அடுக்குமாடி என்றால் கதவு ஏறக்குறைய மூடியாயிற்று. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணிகளை வளர்க்கக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள் சொல்கின்றன. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களுக்குக் கோழி வளர்க்கத் தெரியும், வளர்க்க மண்தான் இல்லை.

கட்டுப்பாடுகள் அத்தனையும் வீண் என்று சொல்லவில்லை. 2017 மார்ச்சில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது கோத்தா பாரு பகுதியின் கம்பத்துக் கோழிகளிடம்தான். சிலரின் கோழிக்கு வந்த நோயால் ஆயிரக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. உங்கள் கோழிகள் திடீரென அடுத்தடுத்து இறந்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் மாவட்டக் கால்நடை சேவைத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

இனி விற்பனை. கடையில் வாங்கிய பழுப்பு முட்டையைக் கலந்து 'கம்பத்து முட்டை' என்று விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விளக்கச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, வளர்த்த விதத்தை அல்ல. எடை பார்க்காமல் 'கிரேட் ஏ' என்றும் எழுதாதீர்கள். முகநூலில் விற்றால் பெயர், தொடர்பு எண், முழு விலை மூன்றையும் போடுங்கள். "விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்" என்பது மின்வணிக விதிகளுக்குப் பொருந்தாது. அழுக்கு முட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் ஓட்டின் இயற்கைப் படலம் போய்க் கிருமி உள்ளே நுழைய வழியாகும். உலர்ந்த துணியால் துடைத்து, இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள்.

கூட்டுக்குப் பலகை வாங்கும் முன் உங்கள் மன்றத்தின் உரிமப் பிரிவுக்குச் சென்று, என் முகவரியில் எத்தனை கோழி வளர்க்கலாம், முட்டை விற்க உரிமம் தேவையா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகப்பில் இருப்பவர் "தெரியாது" என்றால், யாருக்குத் தெரியும் என்று அவரிடமே கேளுங்கள்.