கமா மேல் ஏன் இந்தக் கொலைவெறி?

எக்செல் கணக்கை சிஎஸ்வியாக்கி லேட்டெக்கில் அட்டவணை போட்டால் கட்டங்கள் கன்னாபின்னாவென்று சிதறுகின்றன. உடனே கிடைக்கும் இலவச ஆலோசனை: "மச்சி, ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டு கமாவைத் தூக்கிடு!" இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது என்பது என் கட்சி.

சிஎஸ்வியில் கட்டங்களைப் பிரிப்பதும் கமா, 1,25,000 என்ற தொகைக்குள் இருப்பதும் கமா. மொத்தமாகத் தூக்கினால் இரண்டும் போச்சு. ஒவ்வொன்றாகத் தேடித் தூக்கினால் நிச்சயம் ஒன்று தப்பும். சிஎஸ்வி-சிம்பிள் தொகுப்பு, தலைப்பு வரியில் உள்ளதைவிட அதிகக் கட்டம் வரும் வரியை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அப்படியே விட்டுவிடும். விளைவு? 850 ரூபாய் டீச்செலவு அச்சாகும். ஒன்றேகால் லட்சம் காணாமல் போகும். கடைசி வரியில் கூட்டுத்தொகை மட்டும் கம்பீரமாக நிற்கும் :)

"அப்போ எக்செல் தப்பா?" இல்லை. கமா உள்ள மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும் என்று 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 சொல்கிறது. எக்செல் அதைத்தான் செய்கிறது. சிஎஸ்வி-சிம்பிளுக்கு அந்த மேற்கோள் புரியாது, நெளிவு அடைப்புக்குறிதான் புரியும். டேட்டாடூல் தொகுப்புக்கு மேற்கோள் புரியும். ஆக, கோளாறு தரவில் இல்லை, படிக்கும் கருவியில்.

தீர்வு ரொம்ப எளிது, பிரிப்பானை மாற்றுங்கள். லிப்ரெஆஃபிஸ் கால்க்கில் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியைக் கொடுக்கலாம். லேட்டெக் பக்கமும் பிரிப்பான் அரைப்புள்ளி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஜெர்மனிக்காரர்கள் தசமப் புள்ளிக்கே கமா போடுகிறவர்கள். அவர்கள் எக்செல்லில் சிஎஸ்வி என்றாலே அரைப்புள்ளிதான் வருகிறது. யாரும் எண்ணைத் திருத்திக்கொண்டு உட்காரவில்லை.

"ப்ராஜெக்ட் ரிப்போர்ட்தானே, இதுக்கு இவ்ளோ சீனா?" என்பவர்களுக்கு: "வடக்கு மாசி வீதி, மதுரை" என்ற முகவரியில் உள்ள கமாவும் தரவுதான். பைண்டிங் அழகாக வரவேண்டும் என்று வவுச்சரின் ஓரத்தைக் கத்தரிப்போமா? ஆடிட்டிங் வகுப்பில் மூல ஆவணத்தைத் தொடாதே என்று மூன்று வருடம் படித்துவிட்டு, அட்டவணைக்காக அதையே செய்வது என்ன நியாயம்?

அட்டவணைதான் கணக்குக்கு வளைய வேண்டும். கணக்கு அட்டவணைக்கு வளையக் கூடாது. அச்செடுக்கும் முன் வரிகளை ஒருமுறை எண்ணியும் பாருங்கள்.