புலம்பியது போதும், புள்ளிவிவரம் கற்போம்!

'முஸ்லிம்கள் பின்தங்கி இருக்கிறார்கள்' என்று மேடைதோறும் முழங்குகிறோம். 'எவ்வளவு பின்தங்கி? எதில்? யாரைவிட?' என்று எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது? உடனே சச்சார் அறிக்கையைக் காட்டுவோம். அது 2006ல் வந்தது. அதிலுள்ள வேலைவாய்ப்புக் கணக்குகள் 2004-05ல் எடுக்கப்பட்டவை. அந்தக் கணக்கை வைத்துக் கொண்டு இன்னும் எத்தனை காலம் உரிமை கேட்பது?

சச்சார் குழு மாயமந்திரம் எதுவும் செய்துவிடவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரி ஆய்வின் 61வது சுற்று என்று அரசிடம் ஏற்கனவே இருந்த விவரங்களை எடுத்து, மதவாரியாகப் பிரித்துப் பார்த்தது. முஸ்லிம் தொழிலாளர்களில் 61 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள், இந்துக்களில் இது 55 சதவீதம் என்ற உண்மை அப்படித்தான் வெளியே வந்தது. சம்பள வேலை கிடைக்காத சமுதாயம் கடையையும் கைத்தொழிலையும் நம்பி வாழ்கிறது என்பதற்கு அதுவே சாட்சியானது.

விவரம் திறந்தே கிடக்கிறது!

1950ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இன்றும் நடக்கிறது. 2017-18 முதல் தொழிலாளர் ஆய்வு தொடர்ந்து நடத்தப்படுகிறது. 2022-23, 2023-24 ஆகிய இரண்டு ஆண்டுகளில் குடும்பச் செலவு ஆய்வும் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மதம் கேட்கப்படுகிறது. இஸ்லாத்திற்கு 2 என்று குறியீடு. தமிழ்நாட்டிற்கு 33. வீடுவாரியான இந்த மூல விவரங்களை, பெயரும் முகவரியும் நீக்கி, மத்திய புள்ளியியல் அமைச்சகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பதிவு செய்துகொண்டு யாரும் இறக்கிக் கொள்ளலாம்.

அச்சாகி வரும் அரசு அறிக்கையில் நமக்கு வேண்டிய அட்டவணை எப்போதும் இருப்பதில்லை. தமிழக நகரங்களில் முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்? நம் இளைஞர்களில் பட்டம் பெற்றும் வேலையின்றி இருப்போர் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளை மூல விவரத்திடம் நாமே கேட்க வேண்டும். ஸ்டாட்டா, எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற மென்பொருள்களுக்குப் பணம் கட்ட வேண்டும். 'ஆர்' என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும் சில மாத உழைப்பும் இருந்தால் ஒரு கல்லூரி மாணவர் இதைக் கற்றுக் கொள்ளலாம்.

எங்கே சறுக்கும்?

கோப்பைத் திறந்தவுடன் கூட்டி வகுத்துவிடக் கூடாது. இது வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும். 1000 ரூபாய் விலையில் 10 மூட்டையும், 1200 ரூபாய் விலையில் 90 மூட்டையும் வாங்கினால் சராசரி விலை 1100 என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? 1180 என்றுதான் சொல்வார். ஆய்விலும் அப்படியே. ஒரு வீடு சில நூறு வீடுகளின் சார்பாகவும், இன்னொரு வீடு சில ஆயிரம் வீடுகளின் சார்பாகவும் நிற்கும். அந்தப் பெருக்குத் தொகை ஒவ்வொரு வரியிலும் தரப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பொய்க் கணக்கு.

அடுத்தது, மாதிரியின் அளவு. 2011 கணக்குப்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 6 சதவீதத்திற்கும் குறைவு. ஆகவே ஆய்வில் வரும் முஸ்லிம் வீடுகளும் குறைவாகவே இருக்கும். அவற்றையும் மாவட்டவாரியாகப் பிரித்தால் கையில் ஒரு சில வீடுகளே மிஞ்சும். அந்தச் சில வீடுகளை வைத்து 'இந்த மாவட்டத்தில் இத்தனை சதவீதம்' என்று அறிக்கை விடுவது, நம் கோரிக்கைக்கு நாமே குழி பறிப்பதாகும்.

இது வெறும் எச்சரிக்கை அல்ல. ஆந்திராவில் முஸ்லிம்களுக்கு 4 சதவீத ஒதுக்கீடு தந்த சட்டத்தை 2010 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வு முறையாக நடக்கவில்லை என்பது நீதிமன்றம் கண்ட முக்கியக் குறை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் ஒதுக்கீடு பிழைத்தது. கணக்கு பலவீனமானால் உரிமையும் பலவீனமாகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா?

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆய்வாளர் வீட்டுக்கு வந்தால் வரி அதிகாரி வந்துவிட்டதாக நினைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துக் கொண்டு உண்மையைச் சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி திரட்டும் தகவலைப் புள்ளியியல் அல்லாத வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் மறைப்பது உங்கள் ஒரு வீட்டை மட்டுமல்ல. உங்களைப் போன்ற பல நூறு வீடுகளையும் சேர்த்தே மறைக்கிறீர்கள்.

இளைஞர்களே! ஊருக்கு நான்கு பேர் போதும். பொருளாதாரம், புள்ளியியல், கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களை ஜமாஅத்துகள் ஒன்று சேர்க்கட்டும். வசதியுள்ளவர்கள் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கித் தரட்டும். முதல் வேலையாக, அரசு அறிக்கையில் அச்சான ஓர் எண்ணை மூல விவரத்திலிருந்து நீங்களே போட்டுப் பாருங்கள். அது பொருந்தி வந்த பிறகு நம் கேள்விகளுக்குப் போங்கள். வரும் விடை நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் மறைக்காதீர்கள். ஒரு துறையில் நாம் முன்னேறியிருந்தால் அதையும் சொல்வோம். அப்போதுதான் பின்தங்கிய துறைகளைப் பற்றி நாம் சொல்வதை அரசும் நீதிமன்றமும் நம்பும்.

சிந்திப்போம்; இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்!