பனிச்சரிவில் பகல் சாப்பாடு

ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விடுமுறையில் போகிறவர்கள் இரண்டு ரகம். நாள் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை நிமிடக் கணக்கில் வசூலிக்க, ரொட்டியைக் கடித்தபடியே அடுத்த லிஃப்டுக்கு ஓடுபவர்கள் ஒரு ரகம். பன்னிரண்டரை மணிக்கே சறுக்குக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, பூட்ஸ் கொக்கிகளைத் தளர்த்தி, மலைக்குடில் உணவகத்தின் வாசலில் வெயில் பார்த்து உட்கார்ந்துவிடுபவர்கள் மற்றொரு ரகம். மலையைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டு திரும்புபவர்கள் இரண்டாவது ரகத்தினர்தான். அதன் வரலாறு தட்டில்தான் இருக்கிறது.

பிரான்ஸின் சவாய் பகுதி சீஸ் ரெப்லோஷானை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு மூலம், மறுபடி கறப்பதைக் குறிக்கும் வட்டாரச் சொல். இடைக்காலத்தில் அங்கே நிலவுடைமையாளருக்குச் சேர வேண்டிய பங்கு, கறந்த பாலின் அளவைப் பொறுத்தது. அளக்க ஆள் வரும் நாளில் விவசாயி மடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். ஆள் போனதும் மறுபடி கறப்பார். கொழுப்பு மிகுந்த அந்த இரண்டாம் பாலில் பிறந்தது ரெப்லோஷான் என்பது அவ்வூர் வழக்கு. அதை உருளைக்கிழங்கின் மேல் உருக்கித் தரும் 'தார்த்திஃப்ளெத்' பாட்டி காலத்துப் பண்டம் அல்ல. விற்பனையைப் பெருக்க 1980களில் பரப்பப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் ராக்லெத். 'சுரண்டு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அரைவட்ட சீஸை நெருப்பருகே காட்டி, உருகும் பரப்பை வெந்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துவிடுகிறார்கள். ஃபோன்டியூ என்றால் 'உருகியது'. அதை நாட்டின் தேசிய உணவாக்கியதில் 1930களில் சுவிஸ் சீஸ் சங்கம் செய்த விளம்பரத்துக்குப் பெரும் பங்குண்டு. டிரோலில் கிடைக்கும் க்னோடெல், காய்ந்த ரொட்டியைப் பாலும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த உருண்டை.

எல்லாமே பனி வழியை அடைத்த மாதங்களில் வீட்டில் மிஞ்சியிருந்தவற்றால் ஆனவை. ஏழைகளின் குளிர்காலச் சிக்கனம் இன்று விடுமுறைக்காரர்களின் ஆடம்பரம்.

சைவர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. ஃபோன்டியூவில் சேரும் க்ரூயேர் சீஸின் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. உருக்கும்போது வெள்ளை ஒயினும் சேரும். தார்த்திஃப்ளெத்தில் பன்றி இறைச்சி உண்டு. முட்டை சாப்பிடுவோருக்கு ஆஸ்திரியாவின் கைசர்ஷ்மார்ன் இருக்கிறது: பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசை மாதிரி, பக்கத்தில் பிளம் பழக்கூழ்.

இந்தச் சாப்பாடு எத்தனை காலம்? ஐரோப்பாவின் 2,234 சறுக்குத் தளங்களை ஆராய்ந்து 2023இல் வந்த ஆய்வு, புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில், அவற்றில் 53 சதவீதம் பனித் தட்டுப்பாட்டின் கடும் அபாயத்தில் விழும் என்கிறது. அதே ஆண்டு பிரான்ஸில் அன்னெசிக்கு அருகிலுள்ள லா சாம்புய் தன் லிஃப்டுகளை நிறுத்தியது.

சறுக்கு இல்லாவிட்டாலும் சீஸ் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கோடையில் மேய்ச்சல் நிலத்தில் மாடு பார்ப்பவர்களில் பலர் குளிர்காலத்தில் லிஃப்டிலும் உணவகத்திலும் வேலை செய்கிறார்கள். அந்தக் கூலி சேர்ந்தால்தான் மாட்டைக் கட்டிக் காப்பாற்ற முடிகிறது. பனி போனால், தட்டில் இருப்பதும் சேர்ந்தே போகலாம்.