பட்டுக்கூடும் ஒப்பந்தச் சீட்டும்

வடபுலத்துக் கமக்காரருக்குப் புதியதொரு வருவாய் வேண்டும் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் பட்டுப்புழு வளர்ப்பின் பெயரும் உடன் எழுகின்றது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிணற்று நீரைக்கொண்டு சிறு கமக்காரர் நடத்தும் தொழில், கிணற்றையே நம்பி வாழும் நம்மவர்க்கு ஆகாததா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. அதன் பின்னர் வருவதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. கம்பெனி முட்டை தரும். கம்பெனி முற்பணம் தரும். கம்பெனியே கூட்டை வாங்கிக்கொள்ளும். கமக்காரன் ஒரு கையொப்பம் இட்டுவிட்டு இலையைப் பறித்துப் போட்டால் போதும்!

நாம் பட்டுக்குப் பகைவர் அல்லேம். அந்தக் கையொப்பத்துக்கே அஞ்சுகின்றோம். அச்சத்துக்குக் காரணமும் உண்டு.

முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு முறை தோலுரித்து, இருபத்தைந்து நாள் அளவில் சந்திரிகைத் தட்டில் ஏறிக் கூடு கட்டும். வாழ்நாளில் அது உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறுதி ஒரு வாரத்திலேயே உண்ணப்படுவது. அந்த வாரம் வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. மனைவி மக்களும் இலைக்கட்டுச் சுமக்கின்றனர். கூடு கட்டிய ஐந்தாறு நாளில் பறிக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளானாலோ, உள்ளிருக்கும் கூட்டுப்புழு பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவந்துவிடும். துளைபட்ட கூட்டிலிருந்து நீள இழை எடுத்தல் இயலாது. எனவே, பறித்த நாள் முதல் கமக்காரனுக்கு உள்ள அவகாசம் ஒரு வாரந்தானும் இல்லை.

நெல்லை மூடையில் வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். புகையிலையைப் பாடம் போட்டு வைக்கலாம். வெங்காயத்தைக்கூடப் பிடி கட்டித் தொங்கவிட்டுச் சில வாரம் பார்க்கலாம். பட்டுக்கூடு காத்திராது. காத்திராத பண்டத்தை ஒரே ஒரு கொள்வனவாளனுக்கே விற்பேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பவன், விலை கேட்கும் வாயையும் சேர்த்தே எழுதிக்கொடுக்கின்றான். தரம் பிரிப்பவன் கம்பெனியின் ஆள். தராசு கம்பெனியின் தராசு. கழிவு எவ்வளவு என்று சொல்பவனும் அவனே. இதற்குப் பெயர் ஒப்பந்தமா?

இன்னொன்றையும் மறைக்கின்றனர். பெப்ரின் என்னும் நோய் தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே புழுவுக்கு வருகின்றது. 1860களில் பிரான்சின் பட்டுத்தொழிலை இந்நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நுண்நோக்கியில் சோதித்து, நோயுற்றதன் முட்டைகளை ஒதுக்குவதே வழி என்று காட்டியவர் லூயி பாஸ்டர். இன்றும் உலகெங்கும் அதுவே முறை. அந்த நுண்நோக்கி இருப்பது முட்டை தருபவனிடம், கமக்காரனிடம் அன்று. நோயுள்ள முட்டை வந்தால், பெரும்பாலும் இலையும் உழைப்பும் கொட்டித் தீர்ந்த பின்னரே புழு சுருங்கி விழும். அப்போது வரும் அதிகாரி, “வீடு துப்புரவாக இல்லை” என்று எழுதிவிட்டுச் செல்வார். முற்பணம் மட்டும் கடனாக நிற்கும். எந்த நீதிமன்றத்தில் கமக்காரன் மெய்ப்பிப்பான், குற்றம் முட்டையில் இருந்தது என்று?

நாம் கற்பனை செய்து பேசவில்லை. ஜப்பானில் நூற்பாலைகள் முட்டையும் முற்பணமும் தந்து, கூடு முழுவதையும் தமக்கே கட்டிவைத்த ஒப்பந்தமுறை 1920களில் பரவியிருந்தது. கூட்டின் விலையோ நூலின் விலையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவது. 1929ஆம் ஆண்டின் பின் அமெரிக்கச் சந்தை வீழ, கச்சாப் பட்டின் விலை இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆலை தன் நட்டத்தை ஒப்பந்தத்தின் வழியே கமக்காரனின் தலையில் இறக்கிவைத்தது. ஆயினும் அதே நாட்டில் வேறொரு வழியும் இருந்தது என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். 1896இல் ஆயபே என்னும் ஊரில் ஹத்தானோ துருகிச்சி தொடங்கிய குன்சே ஆலையில் ஊர்ப் பட்டு வளர்ப்போரே பங்குதாரராக இருந்தனர். கூட்டைக் கண்ணால் பார்த்து மதிக்காமல், அதிலிருந்து எவ்வளவு நூல் வருகின்றது என்று சோதித்து விலை கொடுக்கும் முறையையும் அவ்வாலை கொண்டுவந்தது. நல்ல கூடு கட்டியவனுக்கு நல்ல விலை. இதில் மர்மம் ஒன்றுமில்லை.

நமக்கு அண்மையில் உள்ள பாடம் கன்னட நாட்டினது. திப்பு சுல்தான் காலத்தில் மைசூரில் வேரூன்றிய தொழில் அது. 1959இல் இயற்றப்பட்ட சட்டமும் பின்வந்த திருத்தங்களும் கூட்டு வியாபாரத்தை அரசாங்கச் சந்தைக்குள் கொண்டுவந்தன. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள ராமநகரச் சந்தையில் கூடு ஏலத்தில் விற்கப்படுகின்றது. கேட்ட விலை பிடிக்காவிடின் மறுக்கும் உரிமை கமக்காரனுக்கு உண்டு. அச்சந்தையில் கள்ளம் இல்லை என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் பல நூற்பாளர் எதிரெதிரே நின்று கேட்கும் இடத்தில், ஒருவன் மட்டும் நிற்கும் இடத்தைவிடக் கமக்காரன் நிமிர்ந்து நிற்கின்றான்.

அந்தச் சந்தையும் தீர்வைக்கு முன் தள்ளாடிற்று. 2011ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் டில்லி அரசு கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வையை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. சீனப் பட்டுக்குக் கதவு திறந்தது. கூட்டின் விலை சரிந்தது. வளர்ப்போர் வீதியில் இறங்கினர். 2013இல் தீர்வை 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இக்கதை புதிதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதித் தடையின் நிழலில் மிளகாயும் வெங்காயமும் நட்டுக் கல்வீடு கட்டியவன், 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தின் வாயிலில் ஒரே இரவில் கைவிடப்பட்டான். தீர்வையைத் தீர்மானிப்பவர் எவர், அவர் எவருடைய வயிற்றைப் பார்ப்பவர் என்பதை நம் வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

ஒப்பந்தமே கூடாதா என்று கேட்பர். அப்படிச் சொல்லோம். முதல் இரண்டு பருவத்துப் புழுவை ஒவ்வொரு குடிசையிலும் வளர்த்தல் கடினம்; வெப்பமும் ஈரமும் தப்பினால் பயிர் தப்பும். இளம்புழுவை ஒரு நிலையத்தில் வளர்த்துக் கமக்காரனுக்குக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. நூற்பாலைக்கும் கூடு தவறாது வரும் என்ற உறுதி வேண்டும். ஆனால் ஒப்பந்தம் தனி ஒருவனோடு ஆகாது; சங்கத்தோடு ஆகவேண்டும். சூடுகாற்றில் கூட்டை உலர்த்தும் உலை சங்கத்தின் சொத்தாக இருக்கவேண்டும். உலர்த்திய கூடு பல மாதம் நிற்கும். ஒரு வாரத்துக் கமக்காரன் அன்றே பல மாதத்துக் கமக்காரன் ஆகின்றான். மலையாளப் புகையிலைக்கு விற்பனைச் சங்கம் கண்டவர் நாம். 1972 முதல் சீவல் தொழிலாளர் கூட்டுறவைக் கட்டியெழுப்பியவரும் நம்மவரே. இது நம்மால் ஆகாததன்று.

தாய்ப்பூச்சிச் சோதனையின் பதிவு சங்கத்தின் கையில் இருக்கவேண்டும். முட்டை பழுதானால் நட்டம் முட்டை தந்தவனைச் சேரவேண்டும். விலை, நூல் விளைச்சலையும் வெளிச்சந்தையையும் ஒட்டி நிற்கவேண்டும். ஓர் அடிமட்ட விலையும் எழுதப்படவேண்டும். அயல் தோட்டத்துக் கிருமிநாசினியும் மறக்கற்பாலதன்று. புகையிலைத் தோட்டத்தை அடுத்து நிற்கும் முசுக்கட்டை இலையில் நிக்கொட்டீன் ஏறிப் புழு மடியும் என்பது தொழில் அறிந்தோர் அறிந்ததே. புகையிலையும் வெங்காயமும் பரப்புக்குப் பரப்பு அடுத்தடுத்து நிற்கும் நம் தோட்டங்களில் இடம் தெரிவு செய்யாமல் முட்டையைக் கொண்டுவந்து இறக்குபவன் மூடன். அல்லது, நட்டம் தனக்கில்லை என்பதை அறிந்தவன்.

சட்டத்தரணிகளாகவும் கணக்காளராகவும் இருக்கும் நம் வாசகரிடம் ஒன்று கேட்கின்றோம். இத்தகைய சீட்டு உங்கள் ஊருக்கு வரும் நாளில், முதல் செடி நடப்படுமுன், அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். தமிழ்ப்படியும் ஆங்கிலப்படியும் முரண்படின் ஆங்கிலப்படியே செல்லும் என்னும் வரி எங்கேனும் இருக்கின்றதா என்று தேடுங்கள். இருந்தால், காணியுறுதி முடித்துக் கொடுக்கும் அதே மேசையில், கட்டணம் வாங்காமல், கமக்காரனை உட்காரவைத்து அவ்வரியை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.